அமெரிக்காவின் பழைய அஞ்சல் நிலையக் கட்டடங்களைப் பார்த்து அறியும் முறை

அமெரிக்கச் சிற்றூர்களின் முதன்மை வீதியில் செங்கற் சுவர்களும் கருங்கற் படிகளும் கொடிக்கம்பமுமாக நிற்கும் பழைய அஞ்சல் நிலையத்தை, அந்த ஊர்க்காரர்கள் தங்கள் ரசனைக்கேற்பக் கட்டிக்கொண்டது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மை வேறு. 1852 முதல் 1939 வரை இத்தகைய அரசுக் கட்டடங்களைத் திட்டமிட்டுக் கட்டும் பொறுப்பு வாஷிங்டனில் கருவூலத் துறையின் கீழ் இயங்கிய மேற்பார்வைக் கட்டடக்கலைஞர் அலுவலகத்திடம் இருந்தது. எந்த ஊருக்கு எவ்வளவு பெரிய கட்டடம், எந்தக் கல், எந்த மரம் என்பவற்றை குறிப்பாக 1915க்குப் பின், அந்த ஊரின் ஆசையைக் காட்டிலும் அந்த ஊர் அஞ்சல் நிலையத்தின் ஆண்டு வருவாயே பெரிதும் முடிவு செய்தது. ஆகவே அந்த அலுவலகத்தின் விதிகளைத் தெரிந்துகொண்டு போகிறவர், 1897 முதல் 1941 வரையிலான ஒரு கட்டடத்தின் முன் நின்று, அது ஏறத்தாழ எப்போது, யார் காலத்தில், எந்த அளவுச் செலவில் எழுந்தது என்பதைத் தாமே கண்டறிய முடியும். கையில் ஒரு சிறு காந்தமும், பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் ஒரு லென்ஸும், ஒரு நோட்டுப் புத்தகமும் இருந்தால் போதும்.

கட்டடம் அரசு கட்டியதுதானா?

மற்ற எதற்கும் முன் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அஞ்சல் நிலையங்களில் மிகப் பெரும்பாலானவை வாடகை இடங்களில்தான் இருந்தன. மளிகைக் கடையின் ஒரு மூலையில் நான்கு வரிசை அஞ்சல் பெட்டிகளும் ஒரு சன்னலும் வைத்து நடந்தவையும் அவற்றுள் உண்டு. தனியார் கட்டி அரசுக்கு வாடகைக்கு விட்ட கட்டடங்களுக்கு இங்கே சொல்லப்படும் முறை பொருந்தாது.

வேறுபாட்டைக் காட்டும் முதல் அடையாளம் மனையைச் சுற்றியுள்ள வெற்றிடம். தீ பரவாதிருக்கும் பொருட்டு, கட்டடத்தின் எல்லாப் பக்கங்களிலும், தெருக்களையும் சந்துகளையும் சேர்த்துக் குறைந்தது 40 அடி திறந்தவெளி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அக்காலத்து ஒதுக்கீட்டுச் சட்டங்களில் இடம்பெற்றிருந்தது. அரசு கட்டிய அஞ்சல் நிலையம் பெரும்பாலும் தெருமுனை மனையில், பக்கத்துக் கட்டடங்களோடு ஒட்டாமல் தனித்து நிற்பதற்கு இந்த விதி முக்கியக் காரணம். பக்கச் சுவரை அடுத்த கடையோடு பகிர்ந்துகொண்டு நிற்கும் ஒரு பழைய அஞ்சல் நிலையம் வாடகைக் கட்டடமாகவே இருக்கக்கூடும். இரண்டாம் அடையாளம் அடிக்கல். வாடகைக் கட்டடத்தில் கருவூலச் செயலரின் பெயர் தாங்கிய கல் இருக்காது.

அடிக்கல்லைப் படித்தல்

முகப்பின் ஒரு மூலையில், தரைமட்டத்துக்குச் சற்று மேலே, பெரும்பாலும் கருங்கல்லாலோ சுண்ணாம்புக்கல்லாலோ ஆன ஒரு கல்லில் பெயர்களும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும். செடிகள் மறைத்திருக்கலாம், பின்னாளில் அமைத்த சாய்வுப் பாதை மூடியிருக்கலாம். எனவே இரண்டு முன் மூலைகளையும் பார்க்க வேண்டும். மேல் வரியில் கருவூலச் செயலரின் பெயரும், அடுத்து மேற்பார்வைக் கட்டடக்கலைஞரின் பெயரும், கீழே ஆண்டும் இருப்பது வழக்கம். ஆண்டு தேய்ந்துபோயிருந்தாலும் இந்த இரண்டு பெயர்கள் சேரும் காலத்தைக் கொண்டு கட்டடத்தின் காலத்தைக் குறுக்கிவிடலாம்.

மேற்பார்வைக் கட்டடக்கலைஞர்களை முதலில் மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. ஜேம்ஸ் நாக்ஸ் டெய்லர் 1897 முதல் 1912 வரை. அவரை அடுத்து ஆஸ்கர் வெண்டரோத் 1915 வரை. பிறகு ஜேம்ஸ் ஏ. வெட்மோர் 1930களின் தொடக்கம் வரை. அவருக்குப் பின் லூயிஸ் ஏ. சைமன். கருவூலச் செயலர்களில் லைமன் கேஜ் 1897 முதல் 1902 வரையும், லெஸ்லி ஷா 1907 வரையும், ஜார்ஜ் கார்டெல்யூ 1909 வரையும், ஃபிராங்க்ளின் மெக்வே 1913 வரையும், வில்லியம் மெக்கடூ 1918 வரையும் பதவியில் இருந்தனர். கார்ட்டர் கிளாஸும் டேவிட் ஹூஸ்டனும் இடையில் சிறிது காலம் இருந்தபின், 1921 முதல் 1932 பிப்ரவரி வரை ஆண்ட்ரூ மெலன் இருந்தார். மெலனும் வெட்மோரும் ஒரே கல்லில் இருப்பதை நாட்டின் பல பகுதிகளில் காணலாம். ஆக்டன் மில்ஸ் பெயர் இருந்தால் 1932-33, வில்லியம் வுடின் பெயர் இருந்தால் 1933 என்று உடனே சொல்லிவிடலாம்; இவர்கள் இருவரின் பதவிக்காலமும் அவ்வளவு குறுகியது.

1934க்குப் பிந்திய கல்லில் பெயர்ப் பட்டியல் நீள்கிறது. கருவூலச் செயலர் ஹென்றி மார்கெந்தாவ், தலைமை அஞ்சல் அதிபர் ஜேம்ஸ் ஃபார்லி, மேற்பார்வைக் கட்டடக்கலைஞர் லூயிஸ் சைமன், மேற்பார்வைப் பொறியாளர் நீல் மெலிக் என்ற நால்வரும் வரிசையாக வருவார்கள். 1939 ஜூலையில் இந்த அலுவலகம் கருவூலத் துறையிடமிருந்து புதிதாக அமைந்த கூட்டாட்சிப் பணிகள் முகமைக்கு மாற்றப்பட்டது. அதன்பின் வந்த கற்களில் மார்கெந்தாவுக்குப் பதில் அந்த முகமையின் நிர்வாகி ஜான் கார்மடி இடம் பிடிக்கிறார். கார்மடி பெயருள்ள கல் 1939க்கும் 1941க்கும் இடைப்பட்டது.

கல்லைப் படிக்கும்போது இரண்டு எச்சரிக்கைகள் தேவை. கல்லில் உள்ள ஆண்டு திறப்பு விழா ஆண்டன்று. சிறிய கட்டடம் பெரும்பாலும் அடுத்த ஆண்டிலோ அதற்குப் பிறகோ பயன்பாட்டுக்கு வரும். பெரிய கட்டடத்துக்கு இன்னும் நெடுங்காலம் பிடிக்கும். டென்வர் நகரின் தலைமை அஞ்சல் நிலையத்தின் பணி 1910இல் தொடங்கி 1916இல்தான் நிறைவுற்றது. இரண்டாவதாக, கல்லில் பெயர் இருப்பதாலேயே அவர்தான் வரைபடம் வரைந்தார் என்று எழுதிவிடக் கூடாது. வெட்மோர் கட்டடக்கலைப் பயிற்சி பெற்றவரல்லர். சட்டம் படித்த நிர்வாகி. அதனால்தான் ஏறத்தாழ 18 ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்தும் கற்களிலெல்லாம் ‘பொறுப்பு’ மேற்பார்வைக் கட்டடக்கலைஞர் என்றே அவர் குறிக்கப்படுகிறார். அந்த ஆண்டுகளில் வடிவமைப்புப் பிரிவை நடத்தியவர் லூயிஸ் சைமன். வெட்மோரைக் ‘கைதேர்ந்த கட்டடக்கலைஞர்’ என்று பாராட்டும் ஊர் வரலாறுகள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பார்த்து எழுதுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பெரிய நகரங்களில் இன்னொரு சாத்தியமும் உண்டு. 1893இல் இயற்றப்பட்ட டார்ஸ்னி சட்டம் தனியார் கட்டடக்கலைஞர்களைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்க அனுமதித்தது, அது நடைமுறைக்கு வந்தது 1897இல், நீக்கப்பட்டது 1912இல். நியூயார்க் நகரின் எட்டாம் நிழற்சாலையில் உள்ள, இன்று ஃபார்லி கட்டடம் எனப்படும் தலைமை அஞ்சல் நிலையம் மெக்கிம், மீட் அண்ட் ஒயிட் நிறுவனத்தின் படைப்பு. அது 1914இல் திறக்கப்பட்டது. எனவே 1897க்கும் 1912க்கும் இடையில் வடிவமைக்கப்பட்ட பெரிய கட்டடமாயின், வடிவமைத்தவர் யார் என்பதைக் கல்லை மட்டும் நம்பி முடிவு செய்யாமல் ஆவணங்களிலும் தேட வேண்டும்.

சுவரைத் தட்டிப் பார்த்தல்

அடிக்கல்லுக்கு அடுத்து மிகுதியான செய்தியைத் தருவது கட்டுமானப் பொருள். முதலில், கல்போல் தோன்றுவதெல்லாம் கல்லா என்று பார்க்க வேண்டும். கருங்கல் பெரும்பாலும் படிகளிலும் தரையை ஒட்டிய அடிவரிசையிலும் இருக்கும். மழைநீரும் பனியும் உப்பும் படும் இடம் அது என்பதால் செலவைக் குறைத்த கட்டடங்களில்கூட அங்கே கருங்கல்லைக் கைவிடவில்லை. அதற்கு மேலுள்ள வெளிர்நிறப் பகுதி சுண்ணாம்புக்கல்லாகவோ சுடுமண்ணாகவோ இருக்கலாம். அக்கால அரசுக் கட்டடங்களில் இந்தியானா மாநிலத்துப் பெட்ஃபோர்டு, புளூமிங்டன் பகுதிகளில் வெட்டிய சுண்ணாம்புக்கல் மிகுதியாகப் பயன்பட்டது. லென்ஸை அருகில் வைத்துப் பார்த்தால் அந்தக் கல் முழுவதும் நுண்ணிய சிப்பித் துணுக்குகளும் மணிமணியான உருண்டைகளும் நெருங்கிக் கிடப்பது தெரியும். சுடுமண்ணில் இவை தெரியா. அதன் மேற்பரப்பில் பளபளப்பான பூச்சு இருக்கும். பூச்சு உதிர்ந்த இடத்தில் உள்ளுடல் செம்மையாகவோ மஞ்சளாகவோ வேறு நிறத்தில் தெரியும். விரல் முட்டியால் தட்டினால் உள்ளீடற்ற ஓசை எழும். அச்சில் வார்க்கப்படுவதால் ஒரே இலை, ஒரே மடிப்பு, ஒரே சிறு பிசிறு அடுத்தடுத்த துண்டுகளிலும் மாறாமல் வரும். சிற்பி உளியால் செதுக்கிய இரண்டு போதிகைகள் (தூண்களின் தலைப்பகுதிகள்) அவ்வளவு துல்லியமாக ஒத்திருக்கமாட்டா.

காந்தம் உலோகத்துக்கு. விளக்குத் தூண்கள், சன்னல் கம்பிகள், கதவுக்கு மேலுள்ள அலங்காரச் சட்டங்கள் எல்லாம் கரும்பச்சை வண்ணமோ தாமிர வண்ணமோ பூசப்பட்டு வெண்கலம்போலக் காட்சி தரும். காந்தம் ஒட்டினால் அது இரும்பு. ஒட்டாமல், இளவெள்ளை நிறத்தோடு இலேசாக இருந்தால் அலுமினியம். 1930களின் கட்டடங்களில் அதை எதிர்பார்க்கலாம்.

இந்தச் சோதனைகள் வெறும் ஆர்வத்துக்காக அல்ல. காரணம் 1915இல் உள்ளது. சிற்றூர்களிலும் மாளிகை போன்ற அஞ்சல் நிலையங்கள் எழுவதைப் பற்றிய கண்டனம் வலுத்தபோது, மெக்கடூவின் காலத்தில் கருவூலத் துறை எல்லாக் கட்டடங்களையும் ஏ, பி, சி, டி என நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. ஆண்டு அஞ்சல் வருவாய் 8,00,000 டாலர் அல்லது அதற்கு மேல் உள்ள, முக்கிய நகரத்தின் பெருவீதியில் அமைந்த கட்டடம் ஏ வகுப்பு: சலவைக்கல் அல்லது கருங்கல் முகப்பு, முழுவதும் தீத்தாங்கும் கட்டுமானம், உலோகச் சட்டங்களும் கதவுகளும், உள்ளே உயர்தரச் சலவைக்கல், அலங்கார வெண்கல வேலை, மகாகனி மரம், சுவரோவியம், தனியாக வடிவமைத்த விளக்குகள். 60,000 முதல் 8,00,000 டாலர் வரை பி வகுப்பு: சுண்ணாம்புக்கல் அல்லது மணற்கல் முகப்பு, தீத்தாங்கும் கட்டுமானம், வெளிச் சன்னல்களுக்கு உலோகச் சட்டம், உள்ளே மரம்; விலையுயர்ந்த மரமும் சலவைக்கல்லும் விலக்கு; அலங்கார உலோகம் இரும்பு போதுமான இடங்களில் மட்டும். 15,000 முதல் 60,000 டாலர் வரை சி வகுப்பு: செங்கல் முகப்பு, ஓரங்களில் மட்டும் கல் அல்லது சுடுமண், தீத்தாங்கும் தளங்கள், ஆனால் சாதாரணக் கூரை, சலவைக்கல் சுகாதாரம் கோரும் இடங்களில் மட்டும். 15,000 டாலருக்குக் கீழே டி வகுப்பு: செங்கல் முகப்பில் கல் மிகக் குறைவு, தரைத்தளம் மட்டும் தீத்தாங்கும், கதவு சன்னல்கள் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் அளவுகளில். ஒரு சிற்றூரில் எந்த வணிகரும் நியாயமான முதலீடு என்று கருதக்கூடிய சாதாரணக் கட்டடமாக அது இருக்க வேண்டும் என்பதே டி வகுப்புக்கு வைத்த அளவுகோல்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை நோக்கினால் பல புதிர்கள் அவிழும். முகப்பில் நான்கு கல் தூண்கள் நின்று, பக்கச் சுவரும் பின்சுவரும் வெறும் செங்கல்லாக இருந்தால் பணம் எங்கே தீர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊரில் நாற்புறமும் சுண்ணாம்புக்கல் போர்த்திய அஞ்சல் நிலையம் இருந்தால், அது பெரும்பாலும் 1915க்கு முன் அங்கீகாரம் பெற்றதாக இருக்கும். 1902, 1906, 1908, 1910, 1913 ஆகிய ஆண்டுகளில் நாடாளுமன்றம் பல ஊர்களின் கட்டடங்களை ஒரே சட்டத்தில் மொத்தமாகத் தொகுத்து அங்கீகரித்தது. உறுப்பினர்கள் தத்தம் தொகுதிக்கு ஒன்று வாங்கிக்கொண்ட அந்தக் காலத்தின் எச்சங்கள் அவை. 1913இன் சட்டமே ஆண்டு வருவாய் 10,000 டாலருக்குக் குறைந்த ஊருக்குப் புதிய கட்டடம் இல்லை என்று கதவை ஓரளவு சாத்தியது. முதல் உலகப் போர் மிச்சத்தைச் செய்தது. 1926ஆம் ஆண்டின் பொதுக் கட்டடச் சட்டம் வரும்வரை பணிகள் மிக மந்தமாகவே நடந்தன. ஆகவே ஒரு கட்டடத்துக்கு 1920 என்று காலம் கணிக்கும்போது சற்றே ஐயத்தோடு மறுபடி சரிபார்ப்பது நல்லது.

பாணியை எவ்வளவு நம்பலாம்

பாணியைக் கொண்டு காலம் கணிப்பது எளிது போலத் தோன்றினாலும் அடிக்கல்லையும் பொருள்களையும் பார்த்த பின்னரே அதைச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. டெய்லர் பொறுப்பேற்றபின் அரசுக் கட்டடங்கள் செவ்வியல் பாணிக்குத் திரும்பின. உயரமான தூண்கள், முக்கோண நெற்றி, புடைத்த கொடுங்கை, சமச்சீரான முகப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். 1930களில் அதே சமச்சீர் இருக்கும், தூண்கள் மட்டும் சுவரோடு தட்டையாக ஒடுங்கிப் போயிருக்கும். போதிகை மறைந்து, நேர்கோடுகளும் ஒரு கழுகுச் சிற்பமுமே மிஞ்சும். பட்டினி போட்ட செவ்வியல் என்று கேலியாக அதை அழைப்பதுண்டு. சைமனின் பிரிவு அதே ஆண்டுகளில் செங்கல் முகப்பும் வெள்ளை மரச் சன்னல்களும் கூரைமேல் சிறு கூண்டுக் கோபுரமும் கொண்ட குடியேற்றக் காலப் பாணியையும் ஏராளமாகப் பயன்படுத்தியது. இப்படிப்பட்ட கட்டடத்தை 1790இல் கட்டியது என்று நம்பிப் படம் எடுத்துச் செல்லும் சுற்றுலாப் பயணிகள் இல்லாமலில்லை.

வட்டாரச் சாயலும் கவனிக்கத்தக்கது. ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1916-17இல் கட்டிய அஞ்சல் நிலையத்தில் பெட்டிகள் இருக்கும் கூடமே வளைவுகளோடு வெளிப்புறம் திறந்திருந்தது. வெப்பமான ஊரில் எந்நேரமும் வந்து கடிதம் எடுத்துக்கொள்வதற்கு அது வசதியாயிருந்தது. நியூ மெக்சிகோவின் சான்டா ஃபேயில் 1920களின் தொடக்கத்தில் எழுந்த அரசுக் கட்டடம் புவெப்லோ பழங்குடி மக்களின் மண் வீடுகளின் வடிவைத் தழுவியது. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில் அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் தாமே தலையிட்டு, டச்சுக் குடியேறிகளின் கல் வீடுகளைப் போல அஞ்சல் நிலையங்கள் அமைய வேண்டும் என்று வற்புறுத்தினார். ரைன்பெக் ஊர்க் கட்டடம் அங்கிருந்த கிப் குடும்பத்தாரின் பழைய வீட்டை மாதிரியாகக் கொண்டது. அந்த வீட்டின் இடிபாட்டிலிருந்து எடுத்த கற்களும் அதில் சேர்க்கப்பட்டன. 1939 மே முதல் நாள் அதன் அடிக்கல் விழாவில் ரூஸ்வெல்ட் நேரில் கலந்துகொண்டார்.

உள்ளே பார்க்க வேண்டியவை

கட்டடம் இன்னும் அஞ்சல் நிலையமாகவே இயங்கினால் பொதுமக்கள் கூடத்துக்குள் தாராளமாகச் செல்லலாம். படம் எடுப்பதற்குமுன் கவுண்டரில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது முறை. பணியறைக்குள் அனுமதியின்றி நுழையக் கூடாது.

சிறிய, நடுத்தரக் கட்டடங்களின் அமைப்பு ஏறத்தாழ ஒரே மாதிரியானது. படியேறி வந்தால் குளிர்காற்றைத் தடுக்கும் மரமும் கண்ணாடியுமான ஒரு சிறு நுழைவுக்கூடு. அதைக் கடந்தால் முகப்பின் அகலம் முழுவதும் குறுக்காக நீளும் ஒடுக்கமான கூடம். எதிரே பெட்டிகளும் சேவைச் சன்னல்களும் பதித்த தடுப்பு. தடுப்புக்கு அப்பால் பெரிய பணியறை. கூடத்தின் ஒரு கோடியில் போஸ்ட்மாஸ்டரின் அறைக் கதவு. தரை மொசைக், சுவரின் கீழ்ப்பகுதி சலவைக்கல், அதற்கு மேல் சுதைப்பூச்சு.

மாற்றங்களைக் கண்டுபிடிக்கத் தரையைப் பார்க்க வேண்டும். நுழைவுக்கூட்டை எடுத்துவிட்ட இடத்தில் மொசைக்கில் செவ்வகமான ஒட்டு தெரியும். பழைய சன்னலை அடைத்துப் பெட்டிகள் வைத்திருந்தால், அந்தச் சன்னலின் முன்னே பல்லாண்டுகள் மக்கள் நின்று தேய்ந்த பள்ளம், இப்போது யாரும் நிற்கத் தேவையில்லாத இடத்தில் கிடக்கும். சலவைக்கல்லின் நரம்போட்டம் ஒரு துண்டில் மட்டும் அண்டைத் துண்டுகளோடு இயையாமல் போனால் அது பின்னாளில் மாற்றியது.

சன்னல்களுக்கு மேலுள்ள பழைய பெயர்ப்பலகைகள் தப்பியிருந்தால் அவையும் காலம் சொல்லும். முத்திரை, பதிவுத் தபால், மணியார்டர் ஆகியவை எக்காலத்துக்கும் பொது. ஆனால் அஞ்சல் சேமிப்பு வங்கி 1911 ஜனவரியில் தொடங்கி 1960களில் முடிந்தது. பார்சல் அஞ்சல் 1913 ஜனவரி முதல் நாள் தொடங்கியது. முறையான விமான அஞ்சல் 1918இல் வந்தது. தடுப்பிலேயே வார்க்கப்பட்ட எழுத்தில் ‘விமான அஞ்சல்’ என்று இருந்தால் அந்தத் தடுப்பு 1918க்கு முந்தியதாக இருக்க இயலாது. கட்டடம் முந்தியதாக இருக்கலாம்.

அடுத்து, பலர் பார்த்தும் பார்க்காமல் போகும் ஒன்று. பணியறையின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, சன்னல் இல்லாத ஒரு மரப்பெட்டி போன்ற நீண்ட அமைப்பு சுவரோடு ஒட்டியோ நடுவில் தொங்கியோ செல்லும். அதன் பக்கங்களில் சாய்வான பட்டைகள் கொண்ட சிறு இடுக்குகள் இருக்கும். அது அஞ்சல் ஆய்வாளர்களின் ஒளிவு மாடம். கடிதங்களிலிருந்து பணத்தைத் திருடும் ஊழியர்களைக் கையும் களவுமாகப் பிடிப்பதற்காக, ஊழியர் எவருக்கும் தெரியாமல் ஆய்வாளர் அதற்குள் ஏறி நின்று பணியறையையும் பணப் பெட்டக அறையையும் கண்காணிப்பார். உட்புறம் இருட்டாக இருப்பதால் கீழேயுள்ளவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பது தெரியாது. அதற்கான நுழைவு தனி. பல கட்டடங்களில் அடித்தளத்திலிருந்து ஒரு செங்குத்து ஏணி, பூட்டிய ஒரு குறுங்கதவின் பின்னால் மேலேறும். கூடத்திலிருந்தே இதைக் கண்டுகொள்ளச் சேவைச் சன்னல் வழியாகப் பின்சுவரின் மேற்பகுதியை நோக்கலாம். மாடம் இருந்தால் கட்டடம் தொடக்கத்திலிருந்தே அஞ்சல் பணிக்கென வடிவமைக்கப்பட்டது என்பதற்கு அது வலுவான சான்று. இன்று உணவகமாகவோ நூலகமாகவோ மாறிவிட்ட கட்டடங்களில், காற்றுக்குழாய் என்று கருதி வண்ணம் பூசி விட்டுவைத்திருப்பதும் உண்டு.

இரண்டு மூன்று தளங்கள் கொண்ட கட்டடமாயின் வெளியிலிருந்தே இரண்டாம் தளத்துச் சன்னல்களின் உயரத்தை ஒப்பிட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சன்னல்கள் மிக உயரமாக இருந்தால் அங்கே கூட்டாட்சி நீதிமன்றக் கூடம் இருந்திருக்கும். ஒரே கூரையின் கீழ் அஞ்சல், நீதிமன்றம், சுங்கம், வரி அலுவலகங்களை அமைப்பது நடைமுறையாக இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் டெய்லரின் காலத்தில் 1905இல் நிறைவுற்ற நீதிமன்ற-அஞ்சல் கட்டடம் இவ்வகையில் புகழ்பெற்றது. அடுத்த ஆண்டு நிலநடுக்கத்திலும் தீயிலும் அது தப்பியதற்கு உள்ளே இருந்து தீயோடு போராடிய ஊழியர்கள் முக்கியக் காரணம்.

சுவரோவியம் இருந்தால்

1930களின் கட்டடத்தில் போஸ்ட்மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே ஓவியம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கூடத்தின் குறுக்குக் கோடியில் பெட்டியோ சன்னலோ இல்லாத சுவர் அதுவே என்பதால் ஓவியத்துக்கு அந்த இடம் வாய்த்தது. அகலம் 12 அடியும் உயரம் 5 அடியும் ஒட்டிய அளவு மிகப் பரவலானது. பெரும்பாலானவை ஓவியரின் பணிக்கூடத்தில் கித்தான் துணியில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டி, சுருட்டிக் கொண்டுவந்து, ஈய வெள்ளைக் கலவையால் சுவரில் ஒட்டப்பட்டவை. பக்கவாட்டில் நின்று வெளிச்சம் சாய்வாக விழும் கோணத்தில் நோக்கினால் துணியின் நெசவும் இணைப்புக் கோடும் தெரியும்.

இவற்றை டபிள்யூ.பி.ஏ. ஓவியங்கள் என்று அழைப்பது மிகப் பரவலான பிழை. டபிள்யூ.பி.ஏ. வேலையற்றோருக்கு நிவாரணம் அளித்த அமைப்பு. அஞ்சல் நிலைய ஓவியங்களை ஏற்பாடு செய்தது 1934இல் கருவூலத் துறையில் தொடங்கிய ஓவிய, சிற்பப் பிரிவு. பின்னர் நுண்கலைப் பிரிவு என்று பெயர் மாறி 1943 வரை அது இயங்கியது. அது ஓவியரின் வறுமையைப் பார்க்கவில்லை, பெயர் மறைத்த போட்டிகளின் வழியே தரத்தைப் பார்த்தது. செலவு, கட்டட மதிப்பீட்டில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு. ஓவியத்தின் மூலையில் உள்ள ஆண்டு கட்டடத்தின் ஆண்டுக்குச் சில ஆண்டுகள் பிந்தியிருப்பது இயல்பே; அதை வைத்துக் கட்டடத்தின் காலத்தைத் திருத்தக் கூடாது.

பின்புறத்தைத் தவறவிடக் கூடாது

முகப்பைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறவர்களே மிகுதி. கட்டடம் உண்மையில் எப்படி வேலை செய்தது என்பதைப் பின்புறம்தான் காட்டும். அங்கே வண்டியின் தட்டு உயரத்துக்குச் சமமான ஏற்றியிறக்கும் மேடையும், அதன் மேல் தாழ்வாரமும், பைகள் உள்ளே செல்லும் சிறு முன்னறையும் இருக்கும். கடிதங்கள் தொடர்வண்டியில் வந்த காலம் அது. ஊர் நிலையத்திலிருந்து பைகள் வண்டியில் இங்கே வந்து சேர்ந்தன. பெருநகரங்களில் அந்த இடைத்தூரத்தையும் குறைக்க அஞ்சல் நிலையத்தையே தொடர்வண்டி நிலையத்தின் அருகில் கட்டினர்: நியூயார்க்கின் கட்டடம் பென்சில்வேனியா நிலையத்துக்கு எதிரே தண்டவாளங்களின் மேலேயே அமைந்தது, வாஷிங்டனில் டேனியல் பர்னாமின் வடிவமைப்பில் 1914இல் நிறைவுற்றது யூனியன் நிலையத்தை ஒட்டி நின்றது, இன்று அதில் தேசிய அஞ்சல் அருங்காட்சியகம் உள்ளது.

பின்புறத்திலிருந்து கூரையையும் நோக்க வேண்டும். முன்பகுதி இரண்டு தளமாகவும் பின்பகுதி ஒற்றைத் தளமாகவும் இருந்தால், அந்த ஒற்றைத் தளம் பணியறை. முகவரிகளைப் படித்துப் பிரிக்க மேலிருந்து பகல் வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அதன் கூரையில் கண்ணாடித் திறப்பு வைத்தனர். பிற்காலத்தில் பல இடங்களில் அதைத் தார்போட்டு மூடிவிட்டார்கள். மேடான செவ்வக விளிம்பு மட்டும் மிஞ்சியிருக்கும்.

1913க்கு முன் கட்டியவற்றில் பின்புறம் பெரும்பாலும் நீட்டப்பட்டிருக்கும். பார்சல் அஞ்சல் தொடங்கியதும் கடிதங்களுக்கெனத் திட்டமிட்ட பணியறைகளில் இடம் போதவில்லை. நீட்டிப்பைக் கண்டறியச் செங்கல் அடுக்கைப் பார்த்தால் போதும். முகப்புச் சுவரில் ஒவ்வொரு வரிசையிலும் நீளப்பக்கமும் தலைப்பக்கமும் மாறி மாறி வரும் ஃபிளெமிஷ் கட்டு இருந்து, பின்னால் ஓரிடத்தில் அது நின்று, நீளப்பக்கம் மட்டுமே காட்டும் சாதாரண வரிசை தொடங்கி, இடையே மேலிருந்து கீழ்வரை நேரான ஒரு இணைப்புக் கோடு ஓடினால், அந்தக் கோட்டுக்கு அப்பால் உள்ளது பிற்சேர்க்கை. சாந்தின் நிறமும் இணைப்பின் அகலமும் மாறும்.

ஆவணங்களோடு ஒப்பிடுதல்

கண்ணால் கண்டதை எழுதிக்கொண்ட பிறகே ஆவணங்களுக்குப் போவது நல்லது. முன்னதாகப் படித்துவிட்டால் படித்ததைத்தான் சுவரில் காண்போம். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இணையத்தில் தந்துள்ள சான்போர்ன் தீக்காப்பீட்டு வரைபடங்கள் முதலில் பார்க்கத்தக்கவை. அவற்றில் இளஞ்சிவப்பு செங்கல்லையும், மஞ்சள் மரச்சட்டக் கட்டடத்தையும், நீலம் கல்லையும் குறிக்கும். ஒரே மனையை அடுத்தடுத்த ஆண்டு வரைபடங்களில் பார்த்தால் கட்டடம் எப்போது தோன்றியது, எப்போது பின்னால் நீண்டது என்பது தெரிந்துவிடும்.

அதே நூலகத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பில் ஊர்ப் பத்திரிகைகளைத் தேடும்போது, திறப்பு விழாவை மட்டும் தேடக் கூடாது. நிதி ஒதுக்கீடு, மனைக்கான விளம்பரம், வரைபட ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, அடிக்கல் விழா என்ற ஒவ்வொரு படியும் செய்தியாக வந்திருக்கும். எந்த மனை தேர்வாகும் என்பதில் ஊரின் இரு தரப்பு வணிகர்கள் மோதிக்கொண்ட கதைகள் இங்கேதான் கிடைக்கும். படங்களுக்கு அஞ்சல் அட்டைகள் பயன்படும்: பின்பக்கம் செய்திக்கும் முகவரிக்குமாக இரண்டாகப் பிரிக்கப்பட்ட அட்டை 1907 மார்ச்சுக்குப் பிந்தியது. மூல வரைபடங்களும் கட்டுமானக் கால ஒளிப்படங்களும் தேசிய ஆவணக் காப்பகத்தில் 121ஆம் ஆவணத் தொகுதியில் உள்ளன. கட்டடம் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்ந்திருந்தால் அதற்கான விண்ணப்பத்தில் பெரும்பாலான விவரங்கள் தொகுக்கப்பட்டிருக்கும். ஆயினும் வடிவமைத்தவர் பெயர் வெட்மோர் என்று மட்டும் போட்டிருந்தால், அந்த வரியின் அருகே சைமனின் பிரிவு என்று பென்சிலால் ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டு, வரைபடத்தின் மூலையிலுள்ள கையொப்பத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.